இருபத்துமூன்று பொதிக் குப்பை

டீக்கடை பெஞ்சில் எனக்குத் தினமும் இடம் பிடித்து வைத்திருப்பவர், நகராட்சி சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நாலு நாள் முன்பு பேப்பரை மடித்து என் பக்கம் நீட்டினார். குப்பை வேலையைத் தனியாருக்கு விடுவதற்கான டெண்டர் அறிவிப்பு.

"அமெரிக்காவுல எல்லாத்தையும் தனியாருக்குத்தானே விட்டிருக்கான், தம்பி? அங்க ஒழுங்கா நடக்குதுல்ல?"

நடக்கிறது சார். ஆனால் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு லாரிக் கதை இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

1991 மார்ச். நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ராக்லண்ட் என்று ஒரு கவுண்டி. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரிதான். கலெக்டருக்குப் பதில் ஓட்டு வாங்கி வந்தவர்கள் நடத்துவார்கள். அந்த வழியாகப் போகிறது பாலிசேட்ஸ் பார்க்வே. கார்களுக்கென்றே போட்ட சாலை அது, பாலங்கள் தாழ்வு, லாரி நுழையக் கூடாது. நுழைந்த ஒரு நீள லாரி பாலத்தில் போய் இடித்துக்கொண்டது. விபத்தென்று வந்த போலீஸ் உள்ளே பார்த்தால், அழுத்திக் கட்டிய இருபத்துமூன்று பொதி. அத்தனையும் வீட்டுக் குப்பை. கிளார்க்ஸ்டவுன் என்ற ஊரில் ஏற்றி, பென்சில்வேனியா, ஒஹாயோ எல்லாம் தாண்டி இண்டியானாவில் கொட்டப் போய்க்கொண்டிருந்தது.

"குப்பையை எதுக்கு அவ்வளவு தூரம் கடத்தணும்?" என்றார் சார். கடத்தல்தான், சரியான வார்த்தை. போலீஸ் அதற்கப்புறம் பதின்மூன்று நாள் அந்த லாரியை அனுப்பிய கம்பெனி வாசலில் கண் வைத்து இன்னும் ஆறு லாரிகளைப் பிடித்தது. இண்டியானா போக, இல்லினாய், மேற்கு வர்ஜீனியா, ஃபுளோரிடா என்று போகவிருந்த வண்டிகள்.

இதன் வேர் 1989இல் இருக்கிறது. கிளார்க்ஸ்டவுனின் பழைய குப்பைமேட்டை மூடியாக வேண்டும் என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறையோடு உடன்பாடாயிற்று. மேடு போனால் குப்பையை ஓரிடத்தில் கொட்டி, பிரித்து, பெரிய வண்டிக்கு மாற்றி வெளியே அனுப்ப ஒரு மாற்று நிலையம் வேண்டும். கட்டச் செலவு சுமார் 14 லட்சம் டாலர். ஊர் நிர்வாகம் கையிலிருந்து போடவில்லை. உள்ளூர் ஒப்பந்ததாரர் ஒருவர் கட்டுவார், ஐந்து வருஷம் நடத்துவார், அப்புறம் ஒரே ஒரு டாலருக்கு ஊருக்கே விற்றுவிடுவார். ஒரு டாலர்! எந்தத் தலைவர்தான் கையெழுத்துப் போடமாட்டார்?

காசு வந்த வழி வேறு. உள்ளே வரும் ஒவ்வொரு டன்னுக்கும் 81 டாலர் கொட்டுக்கூலி. வருஷத்துக்கு 1,20,000 டன் வரும் என்று ஊர் உத்தரவாதம் கொடுத்தது. குறைந்தால் அந்தத் துண்டை ஊரே கட்டும். டீக்கடை பில் நோட்டின் பின்பக்கத்தில் பெருக்கிக் காட்டினேன்: வருஷத்துக்கு 97 லட்சத்து 20 ஆயிரம் டாலர். அத்தனையும் லாபமல்ல, அங்கிருந்து குப்பையை ஏற்றி, தூரத்துக் குழியில் காசு கொடுத்துக் கொட்டும் செலவும் அதற்குள் அடக்கம். இப்போது ஊர்மக்கள் புத்தியாகக் குப்பையைக் குறைத்துவிட்டார்கள், ஒரு லட்சம் டன்தான் வந்தது என்று வையுங்கள். குறைந்த 20,000 டன்னுக்கு 16 லட்சத்து 20 ஆயிரம் டாலரை ஊர்க் கஜானா அழ வேண்டும். வராத குப்பைக்குக் கூலி.

தனியாரிடம் விடுவது என்றதும் நாம் பார்ப்பது வண்டி புதுசா, ஆள் காலையில் வருகிறானா என்பதை. ஒப்பந்தத்தின் உயிர் அங்கே இல்லை. அளவு கூடினால் யாருக்கு லாபம், குறைந்தால் யார் தலையில் விடியும் என்ற ஒரே ஒரு பத்தியில் இருக்கிறது. மற்ற பக்கங்களெல்லாம் அதற்குப் போட்ட அட்டை.

சார் இந்த இடத்தில் கிளாஸைக் கீழே வைத்தார். "எடைமேடையில நான் நின்னிருக்கேன், தம்பி. லோடோட ஏத்தி ஒரு எடை, கொட்டிட்டு எம்டியா ஒரு எடை. கழிச்சா வர்றதுதான் குப்பை. ஐப்பசி மழையில பாரு, அதே தெரு, அதே வண்டி, சீட்டுல எடை மட்டும் எகிறிடும். தண்ணிக்கும் சேர்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்."

இதைவிட நன்றாக எடைக்கணக்கை எனக்கு விளக்கத் தெரியாது.

கிளார்க்ஸ்டவுனுக்குத் திரும்புவோம். 81 டாலர் என்பது வெளிச்சந்தையை விட அதிகம். அப்படியென்றால் குப்பைக்காரர்கள் மலிவான இடம் தேடிப் போய்விடுவார்களே? போகக் கூடாது என்று ஊர் சட்டம் போட்டது: ஊருக்குள் வரும், ஊரிலிருந்து கிளம்பும் குப்பையெல்லாம் அந்த நிலையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்த லாரியை அனுப்பிய கார்போன் என்ற கம்பெனி மறுசுழற்சி செய்கிற இடம். குப்பையை வாங்கித் தரம் பிரித்து, விற்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பொதி கட்டும். சட்டப்படி அந்த மிச்சத்தையும் நிலையத்துக்குக் கொண்டுபோய், ஏற்கெனவே பிரித்த குப்பைக்கு இன்னொரு தடவை 81 டாலர் கட்ட வேண்டும். கட்டாமல் இண்டியானாவுக்கு ஏற்றினார்கள். பாலம் காட்டிக்கொடுத்தது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994 மே மாதம் கிளார்க்ஸ்டவுன் தோற்றது. ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தோடு செய்யும் வியாபாரத்தை உள்ளூர் ஆள் ஒருவருக்காக மறிக்கக் கூடாது என்பது அங்கே அரசியல் சாசன விஷயம். நிலையத்துக்குப் பணம் வேண்டுமானால் வரி போடு, கடன் பத்திரம் விடு; போட்டியாளரின் கையைக் கட்டாதே என்றார்கள். நீதிபதி சூட்டர் மாற்றுத் தீர்ப்பு எழுதினார்: பெயருக்குத்தான் தனியார், நடப்பது நகராட்சி வேலை, ஐந்து வருஷத்தில் ஊருக்கே வரப்போகிறது. ஒரு டாலர் விற்பனையை அவர் அப்படிப் படித்தார். என் கட்சி பாதிதான் அவர் பக்கம். வேலை பொதுவேலைதான், ஆனால் உத்தரவாதம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

இதற்கு மறுபாதி 2007இல் வந்தது. அதே மாநிலத்தில் ஒனைடா, ஹெர்க்கிமர் என்ற இரண்டு கவுண்டிகள் சேர்ந்து ஒரு பொது வாரியம் வைத்திருந்தன. வீட்டு வாசலிலிருந்து அள்ளுவது தனியார் வண்டிகளானாலும், கொட்ட வேண்டியது வாரியத்தின் இடத்தில். டன்னுக்கு 86 டாலர். வண்டிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்: வெளி மாநிலத்தில் போக்குவரத்தோடு சேர்த்து 37 முதல் 55 டாலருக்கு முடித்துவிடலாம். வழக்குப் போட்டார்கள், இந்தத் தடவை கவுண்டிகள் ஜெயித்தன. கிட்டத்தட்ட அதே சட்டம். நிலையம் யாருடையது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

86க்கும் 55க்கும் நடுவிலே உள்ள காசு எங்கே போனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 33 வகைப் பொருள்களை மறுசுழற்சிக்கு வாங்கினார்கள், இலைதழையை உரமாக்கினார்கள், வீட்டில் கிடக்கும் ஆபத்தான கழிவுகளைத் தனியாக வாங்கி ஒழித்தார்கள். மறுசுழற்சி தன் காலில் நிற்கும் தொழில் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், பழைய பேப்பர்காரர் காசு கொடுத்து வாங்குகிறாரே என்று. அட்டைப்பெட்டிக்கும் அலுமினிய டப்பாவுக்கும் அது சரி. உடைந்த கண்ணாடிக்கும் அழுக்குப் பிளாஸ்டிக்குக்கும் யார் காசு கொடுப்பார்கள்? கொட்டுகிற குப்பை கட்டும் கூலியில்தான் அதெல்லாம் ஓடுகிறது.

அமெரிக்கக் கவுண்டிகள் பலவற்றுக்கு இது 2018இல் உறைத்தது. வெளிநாட்டுப் பழைய பேப்பர், பிளாஸ்டிக் பலவற்றை வாங்குவதைச் சீனா நிறுத்திவிட்டு, மற்றதில் அழுக்கு அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. விற்றதில் பங்கு தந்துகொண்டிருந்த தனியார் ஆலைகள், பிரித்துத் தருவதற்கு நீங்கள்தான் காசு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தைத் திருப்பிப் போட்டன. லாபத்தில் பங்கு என்று எழுதியவர்கள் நஷ்டத்தில் பங்கு யாருக்கு என்று எழுதாமல் விட்டிருந்தால் அவ்வளவுதான்.

நிரம்பி மூடிய குப்பைமேடு தனிக்கதை. அமெரிக்க மத்திய விதிப்படி, மூடிய பிறகும் 30 வருஷம் கசிவுநீரையும் வாயுவையும் கண்காணிக்க வேண்டும். நடத்துகிற ஒப்பந்தம் அஞ்சு வருஷம், பத்து வருஷம்.

"நம்ம சென்னைய மறந்துட்டியே," என்றார் சார். மறக்கவில்லை. 2000இல் ஓனிக்ஸ் என்ற தனியார் கம்பெனி குப்பை அள்ள வந்தபோது எடைக்குத்தான் காசு. இருபது வருஷம் கழித்து, 2020இல் உர்பேசர் சுமித் என்ற கம்பெனிக்குக் கொடுத்தபோது, டன் கணக்கை விட்டுவிட்டு வேலையின் தரத்துக்குக் குறியீடுகள் வைத்துக் காசு என்று மாற்றினார்கள். தெரு சுத்தமாக இருக்கிறதா என்பதை எடைமேடையில் ஏற்ற முடியாது என்பதால், அளக்க இப்போது ஆள் வேண்டும், நேர்மையான ஆள். அந்தச் சிக்கல் வேறு. இருந்தாலும் மழைத் தண்ணீருக்குக் கூலி கொடுப்பதை விட அது மேல்.

இரண்டாவது டீ வந்தது. சார் பேப்பரை மறுபடி பிரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அறிவிப்பை வரிவரியாகப் படித்தார். முன்வைப்புத் தொகை இருந்தது, கடைசித் தேதி இருந்தது, நேரம்கூட இருந்தது. டன் கணக்கு, குறைந்தபட்ச அளவு எதுவும் இல்லை. விவரம் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் காண்க என்று போட்டிருந்தது.

"ஆவணம் வாங்க எவ்வளவுன்னு போட்டிருக்கான் பாரு," என்று விரலை வைத்துக் காட்டினார்.