துளை போடாமல் ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் கார் தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த இந்த வகையில் பெரும்பாலானவை கூரையை மடக்கிவிட்டுக் காற்றுப்பட ஓட்டக்கூடியவை. கோடைகாலத்தில் பிரிட்டனின் கிராமத்துச் சாலைகளில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நியாயமான ஆசை உண்டு. தெரியாத ஊர்ப் பாதைகளில் தனியாகப் போகும்போது, வழி சொல்ல ஒரு ஜிபிஎஸ் கருவி இருந்தால் நன்றாக இருக்குமே என்பதுதான் அது.

பழமையை விரும்புபவர்களில் சிலர் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் வழிகாட்டி வைப்பது புதிய பழக்கமே அல்ல. 1955 மே மாதம் இத்தாலியில் நடந்த மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் காரை ஓட்டினார். பக்கத்தில் பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன். பாதையின் ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே குறித்துவைத்திருந்த சுமார் ஐந்து மீட்டர் நீளக் காகிதச் சுருளை, ஒளி ஊடுருவும் ஜன்னல் வைத்த ஒரு சிறு அலுமினியப் பெட்டிக்குள் உருட்டியபடியே ஜென்கின்சன் வந்தார். இன்ஜின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் கையசைத்தே வழி சொன்னார். சுமார் 1,600 கிலோமீட்டரை அவர்கள் 10 மணி 7 நிமிடம் 48 நொடிகளில் கடந்து வென்றார்கள். பக்கத்தில் ஜென்கின்சன் இல்லாத ஓட்டுநருக்கு ஒரு சின்னத் திரை துணைக்கு வருவதில் குற்றம் காண முடியாது.

கருவிக்கு வானிலிருந்து சிக்னல் கிடைப்பதில் சிரமம் இருக்காது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். சில புதிய கார்களின் முன்கண்ணாடியில் உள்ள மெல்லிய உலோகப் பூச்சு அந்தச் சிக்னலை மறைக்கும். பழைய காரில் இருப்பதோ வெறும் கண்ணாடி. கூரையைத் திறந்துவிட்டால் அதுவும் குறுக்கே நிற்காது.

சிக்கல் பேட்டரியில்தான் இருக்கிறது.

இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் காரின் இரும்பு உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைந்திருக்கும். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் இது தலைகீழ்: பாசிட்டிவ் முனைதான் எர்த். இது தெரியாமல் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் யுஎஸ்பி சார்ஜரைச் செருகினால் மின்சாரம் எதிர்த்திசையில் பாயும், சார்ஜர் கருகிவிடலாம். கம்பிகளை மாற்றி இணைத்தால் போதும் என்று நினைப்பது அதைவிட ஆபத்து. அப்போது சாக்கெட்டின் வெளிப்புற உலோக உறையிலேயே மின்சாரம் இருக்கும். எம்ஜிபியின் டேஷ்போர்டு தகட்டால் ஆனது. உறை அதில் உரசினால் ஷார்ட் சர்க்கியூட்தான்.

வழிகள் இரண்டு. ஒன்று, காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது. பேட்டரி இணைப்பைத் திருப்பி, டைனமோவின் காந்தத் துருவத்தை மாற்றி, இக்னிஷன் காயிலின் கம்பிகளை இடம் மாற்ற வேண்டும். இன்ஜினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் அதைப் பிரித்து உள்ளேயும் கைவைக்க வேண்டும். இரண்டாவது வழி, உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போவதற்கும் நேரடித் தொடர்பே இல்லாத, தனிமைப்படுத்தப்பட்ட கன்வெர்ட்டர் ஒன்றை வைப்பது. 12 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாகக் கொடுக்கும் இந்தச் சிறு பெட்டிக்கு, காரின் எர்த் எந்தப் பக்கம் என்பது பொருட்டே இல்லை. வரைபடம் மட்டும் வேண்டும் என்பவருக்கு இந்தப் பெட்டியே போதும். ஒரு சின்னத் திரைக்காக அறுபது வருட வயரிங்கைப் புரட்டிப்போட வேண்டியதில்லை.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். எம்ஜிபியில் உள்ள லூகாஸ் நிறுவனத்தின் வயரிங்கில் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. பழுப்பு நிறக் கம்பி ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து வருவது. அதைத் தொடவே கூடாது. ஊதாவில் ஃப்யூஸ் உண்டு, ஆனால் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும். பச்சைதான் சரியானது: ஃப்யூஸும் உண்டு, சாவியைத் திருப்பினால்தான் மின்சாரமும் வரும். ஆரம்பகால எம்ஜிபியின் ஃப்யூஸ் பெட்டியில் வேலை செய்யும் ஃப்யூஸ்கள் இரண்டே இரண்டு, அவையும் 35 ஆம்பியர். மெல்லிய கம்பியில் கோளாறு வந்தால் அந்த ஃப்யூஸ் போவதற்குள் கம்பி எரிந்துவிடும். அதனால் புதிய இணைப்புக்கென்று 2 அல்லது 3 ஆம்பியரில் தனி ஃப்யூஸ் போட்டே ஆக வேண்டும்.

ஊதாவில் இணைத்துவிட்டு, கருவி அணைந்துதானே இருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது. கன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது 20 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட, முப்பது நாளில் 14 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். குளிர்காலம் முழுவதும் ஷெட்டில் நிற்கும் காரின் பேட்டரி அதைத் தாங்காது. ஓடும்போது கவலை இல்லை: 22 ஆம்பியர் தரும் அந்தக் கால டைனமோவுக்கு, ஒரு ஆம்பியரைக்கூட எட்டாத இந்தக் கருவி சுமையே அல்ல.

இனி, எங்கே பொருத்துவது? எம்ஜிபியின் முன்கண்ணாடி உயரம் குறைந்தது. நடுவில் ஒட்டினால் சாலை மறையும். கீழ் மூலைதான் சரி. கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் பிரிட்டனில் 200 பவுண்ட் அபராதம், உரிமத்தில் ஆறு புள்ளிகள். ஆகவே பிடிமானம் கட்டாயம். ரேடியோ வாங்காதவர்களின் காரில் ரேடியோவுக்கான இடத்தை எம்ஜி முத்திரை பதித்த ஒரு மூடி மறைத்திருக்கும். அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே அளவில் புதுத் தகடு செய்து அதில் பிடிமானத்தைப் பொருத்தலாம். டேஷ்போர்டில் மட்டும் துளை போடக் கூடாது. பழைய காரின் மதிப்பு அது எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பதில் இருக்கிறது. தகட்டில் போட்ட துளையைத் தடம் தெரியாமல் மூடுவது பெரிய வேலை.

இந்தத் தேவையைக் கார் நிறுவனங்களே உணர்ந்திருக்கின்றன. 2020இல் போர்ஷே தன் பழைய 911 கார்களுக்கென்று, அசல் ரேடியோ இருந்த இடத்திலேயே கச்சிதமாக உட்காரும் வழிகாட்டி ரேடியோவை வெளியிட்டது. அந்தக் காலத்து ரேடியோவைப் போலவே இரண்டு பக்கமும் திருகு குமிழ்கள், நடுவில் 3.5 அங்குலத் தொடுதிரை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எந்த முனை காரின் உடலுக்குப் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு அந்த இணைப்பைக் கழற்றிவிட்டுக் கம்பியைத் தொடுங்கள். புதிதாகச் சேர்த்த கம்பியில், அது எதற்கு, எங்கிருந்து வருகிறது என்று எழுதி ஒரு சீட்டுக் கட்டுங்கள். அடுத்து அந்தக் காரைத் திறக்கும் மெக்கானிக்குக்கு அது உதவும்.