கடைத்தேனும் கைக்குழந்தையும்



சம்பளம் போட்டதும் பட்டணத்தில் ஒரு போத்தல் தேன் வாங்குகிறோம். அது அசல்தானா? சிலர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார்கள். சிலர் எறும்பு மொய்க்கிறதா என்று காத்திருக்கிறார்கள். இவற்றை நம்ப வேண்டாம். கெட்டியாகக் காய்ச்சிய சீனிப்பாகும் கரையாமல் அடியில் இறங்கும். அசல் தேனையும் எறும்பு மொய்க்கும்.

அடியில் உறைந்துவிட்டால் போலி என்று கொட்டிவிடாதீர்கள். தேனிலுள்ள குளுக்கோஸ் உறைவது இயற்கையே. போத்தலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். கொடுக்கில்லாத கெலுலுட் தேனீயின் தேன் நீர்த்தும் புளித்தும் இருக்கும். அது அதன் இயல்பு.

கலப்படத்தை உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடத்தால்தான் முடியும். நம்மால் ஆவது, போத்தலில் ஒட்டிய சீட்டைப் படிப்பது. சேர்மானங்களில் ‘கூலா’, ‘சிராப்’ என்ற மலாய்ச் சொற்கள் இருந்தால், அது தனித்தேன் அன்று. தேனீ வளர்ப்பவரைத் தெரிந்தால் அவரிடமே வாங்குங்கள்.

இனி முக்கியமான செய்தி. அசல் தேனே ஆயினும், ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தேனில் ஒருவகை நுண்ணுயிரின் வித்து இருக்கக்கூடும். அது பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுவிடலாம். கொதிக்க வைத்தாலும் அவ்வித்து சாவதில்லை.

பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டுச் சேனை வைப்பது நம் வழக்கம். என் மூத்த பிள்ளைக்கு என் தாயார் வைத்தபோது, நானும் அருகில் நின்று மகிழ்ந்தவன்தான். அன்று தெரியவில்லை, இன்று தெரிகிறது. பாட்டிமார்களே, ஆசியை வாயால் கூறுங்கள்; தேன் ஓராண்டு காத்திருக்கட்டும்.