கம்பியில்லாச் சுவிட்சு பணி மறுக்கும்போது

1890-களின் இடைப்பகுதியில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைச் சுவர்களுக்கு ஊடே செலுத்தி, அப்பால் இருந்த மணியொன்றை ஒலிக்கச் செய்து காட்டினார். இன்று படுக்கையருகே உள்ள சிறு சுவிட்சு, கம்பித் தொடர்பின்றியே கூடத்து விளக்கை எரியச் செய்வதும் அதே தத்துவத்தின் பயனாகும். அலையை அனுப்பும் செலுத்தி, அலை கடக்கும் வழி, அதனை ஏற்று விளக்கை இயக்கும் ஏற்பி என இவ்வமைப்பில் மூன்று பகுதிகள் உண்டு. சுவிட்சு பணி மறுத்தால், பழுது இம்மூன்றில் எதனுடையது என்பதை முதற்கண் பிரித்தறிதல் வேண்டும்.

இதற்கு எளிய சோதனைகள் இரண்டு உள. பல ஏற்பிகளில் கையால் அழுத்தும் பொத்தான் ஒன்று அமைந்திருக்கும். அதனை அழுத்தியும் விளக்கு எரியாவிடில், குறை ஏற்பியிலோ, விளக்கிலோ, மின்சார வழங்கலிலோ உள்ளது. விளக்கு எரியுமாயின், செலுத்தியை ஏற்பிக்கு மிக அருகில் கொணர்ந்து இயக்க வேண்டும். அருகில் இயங்கித் தொலைவில் இயங்காவிடில், தளர்ந்த பாட்டரியையோ வழியிலுள்ள தடையையோ ஐயுறலாம்.

பாட்டரியைச் சோதிப்பதில் ஏமாற்றம் எளிது. 3 வோல்ட் நாணய வடிவ மின்கலம் பழையதானால் அதன் உட்தடை மிகுகிறது. வோல்ட்மீட்டரில் குறைவின்றித் தோன்றும் அழுத்தம், அலையை அனுப்பும் கணத்தில் வீழ்ந்துவிடும். ஆகவே புதிய மின்கலத்தை இட்டுப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. தொடுமுனைகளில் படிந்த களிம்பையும் துடைத்தல் நலம்.

இனி வழி. இரும்புப் பெட்டியும் பீரோவும் கம்பி கட்டிய கான்கிரீட்டும் அலையைத் தடுப்பன. 2,400 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டரே. நேரே வரும் அலையும் எதிரொளித்து வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கக்கூடும். சுவிட்சைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே குறை நீங்குதல் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் அதிர்வெண்ணும் இதனை ஒட்டியதே. எனவே பழுது எந்நேரத்தில் தோன்றுகிறது எனக் குறித்து வருதல் பயன் தரும். விளக்கு எரிகிறது, ஆனால் அணைய மறுக்கிறது என்றால், எல்.இ.டி. விளக்கின் மின்சுற்று எழுப்பும் இரைச்சல் அருகிலுள்ள ஏற்பியைச் செவிடாக்கியிருக்கலாம். விளக்கை மாற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இவை யாவும் பயன் தராதபோதே செலுத்தியின் அடையாளத்தை ஏற்பியில் மீண்டும் பதிவு செய்ய முயலலாம். வெளிநாட்டில் வாங்கிய கருவிகளில் அதிர்வெண்ணே வேறுபடும். இசட்-வேவ் முறைக்கு இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸும், அமெரிக்காவில் 908.4 மெகாஹெர்ட்ஸும் உரியவை. அவ்விரண்டும் ஒன்றோடொன்று உரையாடா.

இறுதியாக, உயிரைக் காக்கும் எச்சரிக்கை ஒன்று. கம்பியில்லாச் சுவிட்சு விளக்கை அணைக்கிறதேயன்றி, மின்சாரத்தை முற்றிலும் துண்டிப்பதில்லை. நியூட்ரல் கம்பியின்றி இயங்கும் ஏற்பிகள், அணைந்த விளக்கின் வழியாகவும் சிறிது மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. விளக்கு எரியாத நிலையிலும் ஹோல்டரில் 230 வோல்ட் அழுத்தம் இருக்கக்கூடும். ஆதலின் பல்பைக் கழற்றும் முன்னும், ஏற்பியைத் திறக்கும் முன்னும் மெயின் சுவிட்சை அணைத்தல் இன்றியமையாதது.