அறுவடை இயந்திரம் முதல் நாற்று வரை: ஊர் அனுபவத்தைத் தொகுக்க ஓர் இணையதளம்

சம்பா நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கும்போது மழை மேகம் கூடினால், விவசாயிக்கு உடனே தேவைப்படுவது ஒரு தொலைபேசி எண்தான். பக்கத்தில் எங்கே அறுவடை இயந்திரம் இருக்கிறது? டயர் வண்டியா, பெல்ட் வண்டியா? ஈர வயலில் இறங்குமா? மணிக்கு என்ன வாடகை? போன முறை அமர்த்தியவர் வயலில் எவ்வளவு நெல் சிந்தியது? இவற்றுக்கான விடை ஊரில் யாரிடமாவது இருக்கும். தேவைப்படும் நாளில் அவரைத் தேடிப் பிடிக்க முடியாது. கிடைத்த வண்டியை அமர்த்துகிறோம். வண்டி சரியில்லை என்றால் போவது ஒரு பருவத்தின் உழைப்பு.

விதை, நாற்று, தென்னங்கன்று, திசு வளர்ப்பு வாழை, ஆழ்துளைக் கிணறு போடுபவர், மோட்டார் பழுது பார்ப்பவர் என எல்லாவற்றிலும் இதே நிலைதான். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பதில் வருகிறது. ஆனால், அடுத்த நாள் வரும் நூறு வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் அந்தப் பதில் புதைந்துவிடுகிறது.

அரசின் உழவன் செயலி 2018 முதல் பயன்பாட்டில் உள்ளது. வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை வாடகைக்குப் பெற இ-வாடகை வசதியும் இருக்கிறது. முதலில் அவற்றைப் பாருங்கள். அதற்கு மேல், உங்கள் வட்டாரத்தில் பயன்படுத்திப் பார்த்தவர்களின் அனுபவத்தைத் தொகுத்து வைப்பது ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமே செய்யக்கூடிய வேலை. இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. 2003-ல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் இலவசம். அதனுடன் இணைத்துக்கொள்ள ஜியோடைரக்டரி, டைரக்டரிஸ்ட், ஹைவ்பிரஸ் போன்ற துணை மென்பொருள்கள் இருக்கின்றன. இவற்றின் அடிப்படைப் பகுதி இலவசம்; கூடுதல் வசதிகளுக்குக் கட்டணம். இணையப் பெயருக்கும் சேமிப்பிடத்துக்கும் ஆண்டுக் கட்டணம் தனி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கீழ்க்கண்ட வசதிகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். உங்களுக்கு அமைத்துத் தருபவரிடமும் இவற்றைக் கேளுங்கள்.

விவரக் கட்டங்களை நாமே அமைக்கும் வசதி

பெயர், முகவரி, தொலைபேசி எண் மட்டும் இருந்தால் அது வெறும் முகவரிப் புத்தகம். அறுவடை இயந்திரத்துக்கு டயரா பெல்ட்டா, வெட்டும் அகலம், மணி வாடகை, ஓட்டுநர் உண்டா, எந்த ஊர்கள் வரை வரும் என்ற கட்டங்கள் வேண்டும். விதைக்கு ரகம், விதை நிலை, அட்டையின் நிறம், பரிசோதனை செய்த நாள் ஆகியவை வேண்டும். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அட்டையின் படத்தைப் பதிவேற்றும் இடமும் இருந்தால் நல்லது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கட்டங்கள் அமைக்க முடியாத மென்பொருள் நமக்கு உதவாது.

அளவையிலும் கவனம் தேவை. தஞ்சைப் பகுதியில் மா கணக்கு. 3 மா ஒரு ஏக்கர். ஒருவர் மாவுக்கும் மற்றவர் ஏக்கருக்கும் வாடகை எழுதினால் ஒப்பிட முடியாது. தளம் முழுவதும் ஒரே அளவையை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சொல்லில் தேடினால் கிடைக்க வேண்டும்

நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலா, மல்லாட்டை எல்லாம் ஒன்றுதான். அது கணினிக்குத் தெரியாது. கேழ்வரகு என்று பதிந்திருந்தால், கேப்பை என்றோ ராகி என்றோ தேடுபவருக்கு ‘எதுவும் இல்லை’ என்றே காட்டும். எனவே, ஒரு பொருளுக்கு மாற்றுச் சொற்களைச் சேர்க்கும் வசதி இருக்க வேண்டும். இந்தச் சொற்களைத் தொகுக்கச் சரியான ஆட்கள் வட்டார விரிவாக்கப் பணியாளர்கள்தான்.

இடத்தை வைத்துத் தேடும் வசதியும் முக்கியம். ‘15 கிலோமீட்டருக்குள்’ என்று கேட்டால் அதற்குள் இருப்பவற்றை மட்டும் காட்டும். யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தோடு இணையும் மென்பொருளாக இருந்தால் வரைபடத்துக்குச் செலவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பல மென்பொருள்கள் கணக்கிடுவது நேர்க்கோட்டுத் தூரம். நடுவில் ஆறு ஓடி, பாலம் தள்ளியிருந்தால், 3 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டி 15 கிலோமீட்டர் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும். அதனால் ‘வரும் ஊர்கள்’ என்ற கட்டத்தைத் தவறாமல் வையுங்கள்.

பதிவுக்குக் காலாவதி நாள்

இத்தகைய தளங்கள் வீணாவதற்கு முக்கியக் காரணம் பழைய தகவல். எண் மாறியிருக்கும், வண்டி விற்றிருப்பார்கள், விதை தீர்ந்திருக்கும். இரண்டு முறை அழைத்துப் பார்த்து ஏமாந்தவர் மூன்றாம் முறை தளத்தைத் திறக்க மாட்டார். குறிப்பிட்ட நாளில் பதிவு தானாகவே மறைந்து, உரிமையாளர் புதுப்பித்தால் மட்டும் மீண்டும் தோன்றும் வசதி வேண்டும். இயந்திரங்களுக்குப் பருவத்துக்கு ஒரு முறை புதுப்பித்தல் போதும். சான்று விதையின் முதல் செல்லுபடிக் காலம் பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம். விதைப் பதிவுக்கும் அந்த நாளையே எல்லையாக வைத்துவிடலாம்.

ஒரே நட்சத்திரம் போதாது

மொத்தமாக 3 நட்சத்திரம் என்று போட்டால் அதிலிருந்து எதுவும் புரியாது. சொன்ன நேரத்துக்கு வந்ததா, நெல் எவ்வளவு சிந்தியது, வைக்கோல் நறுங்கியதா, பேசிய வாடகையைத்தான் வாங்கினாரா எனக் கேள்வி வாரியாக மதிப்பெண் பெறும் வசதி இருக்க வேண்டும். மாடு வைத்திருப்பவர் வைக்கோலைப் பார்ப்பார். மழைக்குப் பயந்தவர் நேரத்தைப் பார்ப்பார். யாருக்கு எது தேவையோ அதை அவர் பார்த்துக்கொள்வார்.

விதைக்கு இது இன்னும் முக்கியம். சி.ஆர். 1009 சப் 1 நீண்ட காலச் சம்பா ரகம். வெள்ளத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கினாலும் தாங்கும் தன்மை அதன் சிறப்பு. அதைக் குறுவையில் விதைத்துவிட்டு ‘வயது கூடிவிட்டது’ என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தால் குறை விதையில் இல்லை. ஆகவே, பருவம், மண் வகை, பாசன முறை, விதைத்த நாள் ஆகிய நான்கையும் நிரப்பாமல் விதை பற்றிய கருத்தைப் பதிய முடியாதபடி கட்டாயக் கட்டங்களாக வையுங்கள். இந்த நான்கும் இல்லாத கருத்து படிப்பவரை வழிதவறச் செய்யும்.

கருத்து கேட்க ஏற்ற காலம்

உணவகத்தில் சாப்பிட்டவர் அன்றே கருத்து சொல்லலாம். தென்னங்கன்று வாங்கியவரால் முடியுமா? நெட்டை ரகம் பலனுக்கு வர 6, 7 ஆண்டுகள் ஆகும். குட்டை ரகத்துக்கே 3, 4 ஆண்டுகள் ஆகும். கன்று வாங்கிய வாரத்தில் ‘பச்சையாக இருக்கிறது, நல்ல கவனிப்பு’ என்று எழுதும் ஐந்து நட்சத்திரத்தில் ரகத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை.

இதற்கு இரண்டு வசதிகள் தேவை. ஒன்று, எழுதிய கருத்தைப் பின்னாளில் நாள் குறித்துத் தொடர்ந்து எழுதுவது. இரண்டு, குறிப்பிட்ட காலம் கழித்து வாங்கியவருக்குத் தானாக நினைவூட்டல் அனுப்புவது. திசு வளர்ப்பு வாழை என்றால் நட்ட ஒரு மாதத்தில் எத்தனை கன்று பிழைத்தது என்றும், ஓராண்டு கழித்துத் தாரின் எடை, ரகம் மாறிய மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் கேட்கலாம். ஒட்டு மாவுக்கு நான்கைந்து ஆண்டு கழித்துக் கேட்க வேண்டும். பல ஆண்டுப் பயிரில் ஏமாந்தவருக்கு இழந்த ஆண்டுகள் திரும்பக் கிடைப்பதில்லை. அவர் அனுபவம் அடுத்தவரையாவது காப்பாற்றட்டும்.

சராசரியைக் கண்டு ஏமாறாதீர்கள்

ஒரு வண்டிக்கு இரண்டே பேர் கருத்து. இருவரும் 5 கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு வண்டிக்கு 40 பேர் கருத்து; சராசரி 4.6. வெறும் சராசரிப்படி முதல் வண்டி மேலே வரும். அந்த இருவர் உரிமையாளரின் மைத்துனர்களாகவும் இருக்கலாம்!

கருத்துகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கிடும் முறை இதற்குத் தீர்வு. தளத்தின் பொதுச் சராசரி 4 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வண்டிக்கும், 10 பேர் 4 கொடுத்ததாக முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும். முதல் வண்டிக்கு 40 உடன் 10 கூட்டி 12 ஆல் வகுத்தால் 4.17. இரண்டாவதற்கு 40 உடன் 184 கூட்டி 50 ஆல் வகுத்தால் 4.48. இப்போது 40 பேர் சொன்ன வண்டி மேலே வருகிறது. இந்த வசதி இல்லாத மென்பொருளில், ஐந்து கருத்து சேரும் வரை நட்சத்திரத்தைக் காட்டாமல் மறைத்து வைக்கலாம்.

பொய்க் கருத்தைத் தடுக்க

கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பதிந்த பின்னரே கருத்து எழுத அனுமதியுங்கள். ஒரு எண்ணிலிருந்து ஒரு வாடகைக்கு ஒரு கருத்து போதும். குழு மூலம் அமர்த்தியவருக்கு ‘பயன்படுத்தியவர்’ என்ற அடையாளம் கொடுக்கும் வசதி இருந்தால் நம்பிக்கை கூடும். எழுதியது உடனே வெளியாகாமல், ஒருவர் படித்துப் பார்த்த பின் வெளியாகும் ஏற்பாடும் வேண்டும். இணையக் கருத்துகளைச் சேகரிப்பது, சரிபார்ப்பது, வெளியிடுவது குறித்து இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டுள்ளது. அது கட்டாயமல்ல. ஆனாலும் உங்கள் குழு விதிகளை எழுத அது நல்ல வழிகாட்டி.

படித்துப் பார்ப்பவர் யார் என்பதில்தான் சிக்கல். இயந்திரம் வைத்திருக்கும் இயக்குநரே தன் வண்டி பற்றிய கருத்தை நீக்க முடியும் என்றால் தளத்தை மூடிவிடலாம். யாருக்கு எந்த அதிகாரம் என்று மென்பொருளில் பிரித்துக் கொடுக்க முடியும். விற்பனையிலோ வாடகையிலோ பங்கில்லாத இருவரிடம் மட்டும் நீக்கும் அதிகாரத்தைக் கொடுங்கள். நீக்கியது எது, காரணம் என்ன என்ற பதிவு தளத்தில் இருக்கட்டும். குழுவின் சொந்த வண்டிக்கு 2 நட்சத்திரம் வந்தால் அதுவும் அப்படியே வெளியாக வேண்டும். அன்றுதான் ஊர் உங்கள் தளத்தை நம்பத் தொடங்கும்.

மறுதரப்புக்கும் இடம் வேண்டும்

உரிமையாளர் தன் பதிவைத் தன்னுடையது என்று உறுதிசெய்து, கருத்துக்குக் கீழே பதில் எழுதும் வசதி அவசியம். ‘அன்று பெல்ட் அறுந்துவிட்டது, மறுநாள் வந்து முடித்துக் கொடுத்தேன்’ என்பதும் படிப்பவருக்குத் தகவல்தான்.

‘போலி விதை’, ‘ஏமாற்றுக்காரர்’ போன்ற சொற்களை அனுமதிக்காதீர்கள். ‘100 விதையில் 52 முளைத்தது’ என்று எழுதச் சொல்லுங்கள். சான்று நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதவீதம். குறை எவ்வளவு என்பது படிப்பவருக்கே புரியும். அவதூறு என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

பெரிய இழப்பு என்றால் கருத்து எழுதுவதோடு நின்றுவிடக் கூடாது. ரசீது, அட்டை, பை, மீதமுள்ள விதை ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, உடனே விதை ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்துள்ளது. இந்த வழிமுறையைத் தளத்தின் முகப்பிலேயே எழுதி வையுங்கள்.

தனிநபர் எண்களை அவர்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியிடாதீர்கள். எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது. கருத்து எழுதுபவரின் எண் சரிபார்ப்புக்கு மட்டுமே. அது தளத்தில் தெரியக் கூடாது.

தரவு உங்கள் கையில் இருக்கட்டும்

எல்லாப் பதிவுகளையும் கருத்துகளையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். முடியாது என்றால் அந்த மென்பொருள் வேண்டாம். அமைத்துக் கொடுத்தவர் போய்விட்டாலோ, கட்டணம் ஏறிவிட்டாலோ, நான்கு ஆண்டு அனுபவமும் அவரோடு போய்விடும். இணையப் பெயரைக் குழுவின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். மாதம் ஒரு முறை நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

சாதாரண கைபேசி வைத்திருப்பவர்களையும் மறக்க வேண்டாம். அவர்கள் சொல்லச் சொல்ல இன்னொருவர் பதியும் வசதி இருக்கட்டும். விரிவாக்கப் பணியாளர்களே, வயல் பார்க்கச் செல்லும்போது இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டுப் பதிந்தால், எழுதப் படிக்கத் தெரியாத முதியவரின் அனுபவமும் தளத்தில் ஏறும்.

சிறிதாகத் தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். வரும் அறுவடைக்கு முன் உங்கள் வட்டாரத்தின் அறுவடை இயந்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கட்டங்களை முதலில் ஒரு தாளில் எழுதி, ஐந்து உரிமையாளர்களிடமும் ஐந்து விவசாயிகளிடமும் கொடுத்து நிரப்பிப் பாருங்கள். நிரப்ப முடியாத கட்டத்தை எடுத்துவிடுங்கள். அவர்கள் கேட்கும் கட்டத்தைச் சேருங்கள். அந்தத் தாள் சரியான பிறகு மென்பொருளைத் தேடினால், எது வேண்டும் எது வேண்டாம் என்று விற்பவரிடம் நீங்களே சொல்லிவிடலாம்.