பட்டன் தேயவில்லை, வயதாகிவிட்டது

டிராவல் டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது. இரண்டு ஆக்சில், நாலு டயர், அதற்குமேல் ஒரு சின்ன வீடு. சமையல் மேடை, ஃபிரிட்ஜ், கட்டில், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே இருக்கும். பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் விட்டதும் நெடுஞ்சாலைகளில் இவை வரிசைகட்டும். டல்லாஸுக்கு வடக்கே, நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோ பக்கம் தமிழ்க் குடும்பங்களும் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது நம் சமையல், நம் படுக்கை, நம் கழிப்பறையோடு கிராண்ட் கேன்யன் வரைக்கும் போய்வர முடிகிறதென்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

வாங்கும்போது எல்லோரும் மெத்தையைப் பார்க்கிறார்கள், ஏ.சி. எத்தனை டன் என்று கேட்கிறார்கள், கூரை ஒழுகுமா என்று அண்ணாந்து பார்க்கிறார்கள். குனிந்து டயரைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும் தரையைத் தொடும் பட்டனை மட்டும் பார்த்துவிட்டு நிமிர்ந்துவிடுவார்கள்.

இழுக்கும் வண்டியில் ஒரு டயரில் காற்று இறங்கினால் ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும். பின்னால் வரும் டிரெய்லரோ ஓட்டுபவருக்கு எதையும் சொல்லாது. ஒரு டயர் சோர்ந்தால் அதே பக்கத்தில் இருக்கும் இன்னொரு டயர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், வண்டி நேராகவே வரும். சோர்ந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். அதில் சூடு ஏறும். சூடு ஏறஏற ரப்பரும் உள்ளே இருக்கும் கம்பிப் பட்டையும் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுகொள்ளும். கடைசியில் பட்டன் பகுதி முழுவதும் நார் மாதிரி உரிந்து, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் சுழன்று டிரெய்லரின் அடித்தளத்தை விளாசும். சக்கர வளைவுக்குள் ஓடும் மின்கம்பி, கேஸ் குழாய், கழிவுநீர்க் குழாய் எதுவும் தப்பாது. நூற்றைம்பது டாலர் டயர் ஒன்று சில ஆயிரம் டாலருக்கு வேலை வைத்துவிடும். அதுவும் ஆள் அரவமில்லாத பாலைவனச் சாலை ஓரத்தில், குழந்தைகளை வைத்துக்கொண்டு.

எங்கள் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் கைமாறிய டிரெய்லர் ஒன்று வாங்கி, கிராண்ட் கேன்யனுக்குத் திட்டம் போட்டிருந்தார். போக மட்டும் ஆயிரம் மைலுக்குக் குறையாது. டிகேட்டர் போய் 287ஆம் எண் சாலை பிடித்து விச்சிடா ஃபால்ஸ், அமரில்லோ. அங்கிருந்து ஐ-40 வழியாக அல்புகர்க்கி, ஃபிளாக்ஸ்டாஃப். ஜூன் மாதம், மேற்கு டெக்சாஸில் சர்வசாதாரணமாக 100 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும், அதாவது 38 செல்சியஸ். தார்ச்சாலையின் சூடு அதைவிட எவ்வளவோ மேலே.

“அக்கா, டயரெல்லாம் புதுசு மாதிரி இருக்கே. வித்தவர் மொத்தமே நாலாயிரம் மைல்தான் ஓட்டினாராம்” என்றார்.

“தேதி பாத்தீங்களா தம்பி?”

டயருக்குத் தேதி உண்டு. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கி வரும் எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஒரு சிக்கல், முழு வரிசையும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மாட்டுகிறவர் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தால் வெளியே நின்று தேடினாலும் கிடைக்காது. தம்பி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தில் மண்ணைத் துடைத்துப் படித்தார்: 2219. 2019ஆம் ஆண்டின் இருபத்திரண்டாவது வாரம். ஆறு வயதாகிவிட்டது. அருகிலேயே பக்கச்சுவரில் தலைமுடி கனத்துக்கு வெடிப்புகள், விரலால் அழுத்தினால் வாய் திறந்தன.

என் அப்பா நாமக்கல்லில் லாரி வைத்திருந்தவர். அந்த நேரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாற்றுவதற்காகக் கழற்றி அடுக்கிய டயர்களைத் தடவித் தடவிப் பார்த்தார். “பட்டன் அப்படியே இருக்குதே கண்ணு, இதையா கழட்டிப் போடறீங்க?” லாரிக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. லாரி டயர் தினமும் ஓடுகிறது. பட்டன் தேய்ந்துதான் அதன் கதை முடியும், ரீட்ரெட் செய்து மறுபடியும் ஓட்டலாம். டிரெய்லர் டயர் வருடத்தில் பத்து, பதினொரு மாதம் ஒரே இடத்தில், ஒரே பக்கம் வெயில் பட, முழு பாரத்தோடு நின்றுகொண்டிருக்கும். ரப்பரைக் காக்க அதில் கலந்திருக்கும் மெழுகும் மருந்தும் டயர் ஓடி நெளியும்போதுதான் மேல்பரப்புக்கு வந்து பூசிக்கொள்ளும். ஓடாத டயருக்கு அந்தப் பூச்சு கிடையாது. அதனால் தேயுமுன்பே முதுமை வந்துவிடுகிறது. ஐந்திலிருந்து ஆறு வருடத்துக்குள் மாற்றிவிடுவதுதான் டிரெய்லர்காரர்கள் வழக்கம். நானும் அதில் உறுதியாக இருக்கிறேன்.

அடுத்தது பாரக் கணக்கு. இதில்தான் எனக்குக் கோபம் வரும்.

அமெரிக்காவின் டிரெய்லர்களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. விலையை இறக்க வேண்டும் என்பதற்காகப் பலரும் ஆக்சிலின் கொள்ளளவுக்கு ஒட்டினாற்போல் ஒரு டயரை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். தம்பியின் வண்டியில் இருந்தது 14 அங்குல டயர், எஸ்.டி. 205/75 ஆர் 14, லோடு ரேஞ்ச் சி. எஸ்.டி. என்றால் டிரெய்லருக்கென்றே செய்த டயர். 50 பி.எஸ்.ஐ. காற்றில் ஒரு டயர் 1,760 பவுண்டு தாங்கும். நாலுக்கும் சேர்த்து 7,040. ஆக்சில் இரண்டும் தலா 3,500, ஆக 7,000. காகிதத்தில் சரிதான்.

வண்டியை நிஜமாக எடை போட்டால்தான் உண்மை தெரியும். நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்புகளில் ‘கேட் ஸ்கேல்’ என்ற எடைமேடை இருக்கும். லாரிகளுக்கானது, நாமும் போடலாம். மேடை மூன்று துண்டாக இருக்கும். பிக்கப்பின் முன்சக்கரம் ஒன்றில், பின்சக்கரம் ஒன்றில், டிரெய்லர் ஆக்சில்கள் மூன்றாவதில் நிற்கிற மாதிரி ஓட்டி நிறுத்தி, பொத்தானை அமுக்கிப் பேசினால் சில நிமிடத்தில் சீட்டு வந்துவிடும். பயணத்துக்குக் கிளம்புகிற மாதிரியே தண்ணீர், கேஸ், அரிசி மூட்டை, கிரைண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னேன். சீட்டில் டிரெய்லர் ஆக்சிலுக்கு வந்தது 6,900 பவுண்டு, சுமார் 3,130 கிலோ. மீதி இருப்பது 140 பவுண்டு. டயர் ஒன்றுக்கு 35 பவுண்டு, பதினாறு கிலோ. இதுவும் நாலு டயரிலும் பாரம் சமமாக இறங்கினால்தான். சமையலறையும் ஃபிரிட்ஜும் ஒரே பக்கம் இருக்கிற வண்டியில் அது எப்படிச் சமமாகும்? குழந்தை ஒன்று மேல் கட்டிலில் ஏற்றி வைத்த விளையாட்டுச் சாமானுக்குக்கூட இடமில்லாத கணக்கு.

முகாம்களில் இந்த மலிவு டயர்களை ‘சைனா பாம்’ என்று திட்டுவார்கள். நாட்டின் பெயரைச் சொல்லித் திட்டுவதை நான் ஏற்பதில்லை. பதினாறு கிலோ மிச்சத்தில் ஓட்டினால் எந்த நாட்டு டயரும் ஒருநாள் வெடிக்கும்.

அதே 14 அங்குலத்தில் லோடு ரேஞ்ச் டி வாங்கினால் 65 பி.எஸ்.ஐ.யில் 2,040 பவுண்டு தாங்கும். டயரை மட்டும் மாற்றினால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் வீல் குறுக்கே வருகிறது. வீலின் உட்புறத்திலும் அதன் உச்ச பாரமும் உச்ச காற்றழுத்தமும் பொறித்திருக்கும். இந்த வண்டியின் இரும்பு வீலில் இருந்தது 1,870 பவுண்டு, 50 பி.எஸ்.ஐ. அதில் பலமான டயரை மாட்டி 65 அடைத்தால் டயர் தாங்கும், வீல் தாங்க வேண்டுமே! ஆகவே வீலையும் சேர்த்து 15 அங்குலத்துக்குப் போனோம். எஸ்.டி. 205/75 ஆர் 15, லோடு ரேஞ்ச் டி, ஒன்றுக்கு 2,150. நாலுக்கு 8,600. இப்போது கையிருப்பு 1,700 பவுண்டு, ஏறத்தாழ இருபது சதவீதம். மனசு நிம்மதியாகத் தூங்கும்.

இன்னும் பெரிதாக, 225/75 ஆர் 15 லோடு ரேஞ்ச் ஈ போடலாமே, 2,830 தாங்குமே என்றார் தம்பி. வேண்டாம் என்றேன். 14லிருந்து 15க்குப் போனதிலேயே டயரின் முழு விட்டம் 26.1 அங்குலத்திலிருந்து 27.1 ஆகிறது. முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவே இருக்கும் சந்து ஒரு அங்குலம் குறையும், மேலே சக்கர வளைவோடு இருக்கும் இடைவெளி அரை அங்குலம் குறையும். பள்ளத்தில் இறங்கும்போது வில் அமுங்கி டயர் மேலே எழும்பும். அங்கே மூன்று அங்குலமாவது இருந்தால்தான் நான் ஒப்புக்கொள்வேன். டேப் வைத்து அளந்தோம், 15க்குத் தாராளமாக இருந்தது, அதற்குமேல் இடமில்லை. போல்ட் துளைகளும் பழையபடியே பொருந்த வேண்டும்: ஐந்து துளை, நாலரை அங்குல வட்டம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டயரும் வீலும் பலமானதால் டிரெய்லரில் கூடுதல் சாமான் ஏற்ற உரிமை கிடைத்துவிடாது. ஆக்சில் அதே 3,500தான். இடப்பக்க வெளிச்சுவரில் முன்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள எடைதான் வண்டியின் எல்லை.

வால்வை யாரும் நினைப்பதில்லை. சாதாரண ரப்பர் வால்வின் உச்சம் 65 பி.எஸ்.ஐ. காலையில் 65 அடைத்தால் மதியம் ஓட்டச் சூட்டில் 75ஐ நெருங்கும். கூடவே ஒவ்வொரு வால்விலும் காற்றழுத்தம் காட்டும் சென்சாரைத் திருகி வைக்கப் போகிறோம், அதன் கனம் வேறு சுழற்சியில் வால்வை இழுக்கும். டயர் கடையில் பித்தளை வால்வு கேட்டு வாங்குங்கள். சில டாலர்தான் வித்தியாசம். பேலன்ஸ் செய்யவும் சொல்லுங்கள். டிரெய்லருக்கு எதற்கு பேலன்ஸ் என்று சிலர் தட்டிக்கழிப்பார்கள். உள்ளே பயணம் செய்கிற அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் அந்த அதிர்வு நல்லதில்லை.

நட்டு முடுக்குவதில் பொறுமை தேவை. அரை அங்குல போல்டுக்கு 90லிருந்து 120 அடி-பவுண்டு என்கிறது ஆக்சில் தயாரிக்கும் டெக்ஸ்டரின் கையேடு. டார்க் ரெஞ்சால், எதிரெதிராக நட்சத்திர வரிசையில், மூன்று தவணையாக முடுக்க வேண்டும். புது வீல் ஓடஓட உட்காரும், நட்டு தளரும். ஆகவே 10, 25, 50 மைலில் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். ஃபிரிஸ்கோவிலிருந்து கிளம்பினால் ஏறத்தாழ லிட்டில் எல்ம், டென்டன், டிகேட்டர். தம்பி மூன்று ஊரிலும் இறங்கிப் பார்த்தார். டென்டனில் ஒரு வீலில் இரண்டு நட்டு கால் சுற்று போனது.

ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது. பழைய 14 அங்குல ஸ்டெப்னி பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால் நடுவழியில் அது உயரம் குறைந்த கால் மாதிரிதான். ஐந்தையும் ஒன்றாக மாற்றினோம், ஆயிரம் டாலரைத் தாண்டியது. ஜாக்கியை ஆக்சில் குழாயில் வைக்கக் கூடாது, வளைந்துவிடும். சட்டத்தில்தான் வைக்க வேண்டும்.

காற்று பார்க்க வேண்டியது விடியற்காலையில், வெயில் படுமுன். மேற்கே போகும்போது வண்டியின் இடப்பக்கம் தெற்கைப் பார்க்கும், வெயிலும் அந்தப் பக்கமே அடிக்கும். சென்சார் திரையில் இடது டயர்கள் சில புள்ளி கூடக் காட்டினால் பயப்பட வேண்டியதில்லை, சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவும் கூடாது. ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடி உயரம். அங்கே வெளிக்காற்று மெலிதாக இருப்பதால் மானி மூன்று புள்ளி கூடக் காட்டும். விடியற்குளிர் ஐந்து புள்ளி இழுத்துவிடும். ஆக 63 காட்டியது என்று தம்பி படம் அனுப்பினார். இரண்டு புள்ளி அடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வேகம் பற்றி: பக்கச்சுவரில் எல் என்று இருந்தால் 75 மைல், எம் என்றால் 81. எழுத்தே இல்லாத பழைய எஸ்.டி. டயருக்கு 65. ஐ-40இல் நியூ மெக்சிகோ, அரிசோனாவில் 75 வரை போகலாம் என்று பலகை இருக்கும். டிரெய்லரோடு 62, 63க்கு மேல் போகாதீர்கள். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டமே 55தான்.

தம்பி குடும்பம் போய் வந்துவிட்டது. ஒரு டயரும் பழுதாகவில்லை.

இந்தக் கோடையில் டிரெய்லர் வாங்கப் போகிறவர்களுக்கும் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்குமுன் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரின் தேதியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று ஆறு வயதைத் தாண்டியிருந்தாலும் மாற்றித் தரக் கேளுங்கள். மாட்டேன் என்றால் வேறு வண்டி பாருங்கள்.