சொந்தச் சரக்கு



கதை எழுதும் ஆர்வமுள்ள பிள்ளைகள் சிலர் தம் கைப்பிரதிகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. கொல்லிமலை அடிவாரத்து எங்கள் பேளுக்குறிச்சியைத் தாண்டி அதிகம் போயிராத ஒரு பிள்ளையின் கதை, சென்னைக் கடற்கரையில் தொடங்குகிறது. கதாநாயகன் காரிலிருந்து இறங்குகிறான். சனிக்கிழமைதோறும் கூடும் நம்மூர் மளிகைச் சந்தையோ, அங்கே மூட்டை மூட்டையாகக் குவியும் மிளகும் சீரகமும் மல்லியுமோ கதைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. கேட்டால், "நம்மூரில் எழுத என்ன இருக்கிறது ஹஜ்ரத்?" என்கிறார்கள்.

அவர்களுக்கு நான் தோப்பில் முஹம்மது மீரானைச் சொல்வேன். 1944-இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். படித்தது மலையாள வழியில். பிழைப்புக்குச் செய்தது திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம். நம் சந்தைக்கு வரும் வியாபாரிகளுள் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்! அவர் தாம் பிறந்த கடற்கரைச் சிற்றூரைத்தான் எழுதினார். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலாயிற்று. மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த அவ்வூர்ப் பேச்சு, முதல் சில பக்கங்களில் நம்மைத் தடுக்கி விழச் செய்யும். பிறகு காது பழகிவிடுகிறது. 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019-இல் அவர் மறைந்தார்.

அவர் தம் ஊரைப் புகழ்ந்து எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய வீட்டின் அதிகாரம், மூடநம்பிக்கை, ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு எழுந்த எதிர்ப்பு யாவற்றையும் ஒளிக்காமல் வைத்தார். ஆயினும் அகமதுக்கண்ணு முதலாளியின் வீழ்ச்சியைப் படிக்கையில் நமக்குக் கோபத்தோடு இரக்கமும் சுரக்கிறது. வெறும் வெறுப்பினால் எழுதியிருந்தால் அந்த இரக்கம் வந்திராது என்பது என் கருத்து.

நம் நாமக்கல் மாவட்டத்துப் பெருமாள்முருகனின் தந்தை, திருச்செங்கோட்டில் திரையரங்கு ஒன்றில் சோடாக் கடை வைத்திருந்தவர். அந்தத் திரையரங்கு வாழ்க்கையே 'நிழல்முற்றம்' நாவலுக்குக் களமாயிற்று. சோடாக் கடையில் இலக்கியம் இருக்குமென்று யார் எண்ணுவார்?

ஒரு மாணவர் தம் தாயைப் பற்றி எழுதி வந்தார். "அம்மா எங்களுக்காகப் பட்ட துன்பங்கள் கொஞ்சமல்ல" என்று பக்கம் முழுவதும் கண்ணீர். என் மனம் அசையவில்லை. "சந்தையில் சீரகம் வாங்கும்போது அம்மா என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பார்ப்பார்கள். விலையைக் கேட்டதும் ஒரு கிலோவை அரைக் கிலோவாக்கச் சொல்வார்கள். வழியில் அத்தாவிடம், 'இந்த வருஷத்துக்கு இது போதும்' என்பார்கள்." துன்பம் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது. உங்களில் பலருக்கு உங்கள் தாயாரின் முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. நம் அனுபவம் நமக்கு மட்டும் சொந்தமன்று. அதில் மாமியும் மச்சானும் அண்டை வீட்டாரும் இருக்கிறார்கள். அவர்தம் குறையை ஊரறிய எழுதுவது புறம் பேசுதல் ஆகிவிடாதா என்று சகோதரிகள் சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். துவரங்குறிச்சியில் சிறு வயதிலேயே பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்ட ஒரு பெண், வீட்டாருக்குத் தெரியாமல் 'சல்மா' என்ற புனைபெயரில் எழுதினார். 2004-இல் வெளிவந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலில் அவர் காட்டுவது ஒரு பெண்ணின் மானத்தை அல்ல, பல வீடுகளின் அடுக்களையை. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தெருவையும் தொழிலையும் உறவுமுறையையும் மாற்றுங்கள், இருவரை ஒருவராக்குங்கள். அந்த அரைக் கிலோவை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.