விற்க அவருக்கு என்ன உரிமை?

சீனக் கலைப்பொருள்கள் மேற்கே போன கதை என்றதும் எல்லோருக்கும் 1860-தான் நினைவுக்கு வரும். அந்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் பழைய கோடை அரண்மனையைச் சூறையாடின. பிறகு எல்ஜின் பிரபுவின் உத்தரவுப்படி அதற்குத் தீ வைத்தார்கள். ஏதென்ஸின் பார்த்தினான் சிற்பங்களைப் பெயர்த்துச் சென்றவரின் மகன்தான் இவர். குடும்பத் தொழில் போலும். அரண்மனையில் பிடித்த நாய் ஒன்றுக்கு ‘லூட்டி’ என்று பெயரிட்டு விக்டோரியா மகாராணிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். இது கொள்ளை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வழக்கு எழுவது ‘காசு கொடுத்து வாங்கினோம்’ என்று அருங்காட்சியகங்கள் சொல்லும் பொருள்களில்தான்.

வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகைகளை எடுத்துக்கொள்வோம். அங்கே தங்கியிருந்த தாவோ துறவி வாங் யுவான்லு 1900-இல் ஒரு சுவருக்குப் பின்னால் பல்லாயிரம் சுவடிகள் அடுக்கிக் கிடப்பதைக் கண்டார். அவற்றைப் பூட்டிக் காக்கும்படி 1904-இல் அதிகாரிகள் அவரிடமே ஒப்படைத்தார்கள். 1907-இல் அங்கே வந்த தொல்லியலாளர் ஆரல் ஸ்டெயின், காஞ்சிபுரம் வரை வந்துபோன அதே யுவான் சுவாங்கின் அடியொற்றி இந்தியாவிலிருந்து வருவதாகச் சொல்லித் துறவியின் மனத்தைக் கரைத்தார். சுவடிக் கட்டுகள் இரவில், யாருக்கும் தெரியாமல் கைமாறின. ஸ்டெயின் சீன மண்ணை விட்டுப் போகும்வரை விஷயம் வெளியே வரக்கூடாது என்பது துறவி போட்ட நிபந்தனை. 24 பெட்டி சுவடிகள், 5 பெட்டி ஓவியங்களும் துணிகளும். எல்லாவற்றுக்கும் கொடுத்தது 130 பவுன். தேதியோடு கிடைத்த மிகப் பழைய அச்சு நூலான, 868-ஆம் ஆண்டின் வைர சூத்திரமும் அப்படிப் போனதுதான். வாங் அந்தப் பணத்தைக் குகைகளைச் செப்பனிடச் செலவிட்டார், அவரைத் திருடர் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் காவலுக்கு வைத்தவர் விற்றால் அது விற்பனையாகுமா? நேர்மையான வியாபாரத்துக்கு இரவும் ரகசியமும் எதற்கு? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரை 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திடமும் ரசீது இருந்தது. 2014-இல் சிலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

‘நாங்கள் எடுத்து வராவிட்டால் இவை அழிந்திருக்கும்’ என்பது அடுத்த வாதம். கலாசாரப் புரட்சியில் சீனர்களே தங்கள் கோயில்களை இடித்தார்கள் என்பதால், இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பாதுகாப்பின் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. பெசெக்லிக் குகைகளிலிருந்து ஜெர்மானியர்கள் அறுத்தெடுத்துப் போன பெரிய சுவரோவியங்களை பெர்லின் அருங்காட்சியகச் சுவரில் சிமென்ட் வைத்துப் பதித்திருந்தார்கள். போர் வந்தபோது கழற்ற முடியவில்லை, குண்டுவீச்சில் நொறுங்கின. 1924-இல் ஹார்வர்டுக்காக வந்த லாங்டன் வார்னர் துன்ஹுவாங் சுவரில் பசைத்துணியை ஒட்டி ஓவியத்தை உரித்தெடுத்தாரே, அதற்கு யார் பாதுகாப்பு என்று பெயர் வைப்பார்கள்? அப்படியே காப்பாற்றியதாக வைத்துக்கொண்டாலும், காத்தவருக்கு நன்றி சொல்லலாம், பொருளை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டம் தடுக்கிறது என்பார்கள். உண்மைதான். 1970-இன் யுனெஸ்கோ உடன்படிக்கை பழைய கணக்குகளைத் தொடாது. பிரிட்டிஷ் மியூசியத்தின் கையை 1963-இன் சட்டம் கட்டியிருக்கிறது. அந்தக் கட்டைப் போட்டது நாடாளுமன்றம். அவிழ்க்கவும் அதனால் முடியும். கோடை அரண்மனையின் எலி, முயல் வெண்கலத் தலைகளை 2013-இல் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் எந்தச் சட்டமும் கேட்காமல் திருப்பிக் கொடுத்தது. சாங்ஷா கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடியின் இரு பகுதிகளை 2025-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் சீனாவிடம் ஒப்படைத்தது. சீன அரசு இதையெல்லாம் தேசியப் பெருமிதத்துக்கு எண்ணெயாக ஊற்றிக்கொள்கிறதே என்று கேட்டால், ஆம், ஊற்றுகிறது. கேட்பவரைப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பொருளின் உரிமை மாறாது.

இந்த விவகாரத்தில் நாமும் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்ல. ஸ்டெயின் இந்திய அரசின் ஊழியர். அந்தப் பயணத்தின் செலவில் ஐந்தில் மூன்று பங்கு இந்தியக் கருவூலத்துப் பணம், அதற்கு ஈடாகப் பொருள்களிலும் பங்கு வந்தது. துன்ஹுவாங் பட்டோவியங்கள் இன்றும் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நடராஜர்களைக் கேட்டு உலகமெங்கும் கடிதம் எழுதும் இந்திய அரசு, இந்தப் பட்டோவியங்கள் எப்படி வந்தன என்ற முழு விவரத்தோடு அவற்றின் பட்டியலைத் தானே முதலில் வெளியிட்டு, பெய்ஜிங்கோடு பேச்சைத் தொடங்க வேண்டும்.